திருப்பூரும் மிதிவண்டியும்: வழியின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

கொங்கு நாட்டு வரலாற்றை ஆராயப் புகுவோர் அந்நாட்டு வழிகளின் வரலாற்றை ஒதுக்கிச் செல்லுதல் இயலாது. பாலக்காட்டுக் கணவாயினின்றும் கிழக்கு நோக்கிச் சென்ற பெருவழிகளே மேலைக் கடற்கரையையும் சோழ நாட்டையும் இணைத்தன. கோவைக்கு அண்மையில் கண்டறியப்பட்ட இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு அத்தகைய வழி ஒன்றன் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. நொய்யற்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் அவ்வழிகளில் நிகழ்ந்த வாணிகத்துக்குச் சான்று பகர்வன.

எனினும், வழிகளைப் பற்றிப் பேசும் வரலாறு பெரும்பாலும் வணிகச் சாத்தினையும் படைச் செலவினையுமே பேசுகின்றது. நாள்தோறும் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் எளிய மக்கள் எவ்வாறு சென்றனர், அவர்க்கு வழி யாங்ஙனம் வாய்த்தது என்பன பற்றிப் பேசுவார் சிலரே. அத்தகைய எளியோரின் ஊர்தியாக ஒரு நூற்றாண்டளவு விளங்கியது மிதிவண்டி. நொய்யற்கரையிலேயே எழுந்த பின்னலாடை நகராகிய திருப்பூரைக் களமாகக் கொண்டு, அவ்வூர்தி எவ்வாறு வந்தது, எவ்வாறு வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, மீண்டும் அதற்கு இடமளித்தற்கு வேண்டுவன யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதிவண்டி ஒரு நகரில் நிலைபெறுதற்கு மூன்று வேண்டும். ஒன்று வண்டி, மற்றொன்று அதில் ஏறுதற்குரிய துணிவு, பிறிதொன்று அது செல்லுதற்குரிய வழி. தமிழகத்தின் அண்மைக்கால வரலாறு முன்னைய இரண்டையும் சிறப்புற ஈந்தது, மூன்றாவதை மறந்தது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

2. சொல் உணர்த்தும் வரலாறு

ஒரு பொருளின் வரலாற்றை அதனைக் குறிக்கும் சொற்களே முதற்கண் உணர்த்தும். 1817இல் செருமனியில் கார்ல் வான் டிரைஸ் என்பார், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கரப் பொறி ஒன்றை இயற்றினார். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த உருளிப்பட்டையைப் படைத்தார். இன்று நாம் காணும் மிதிவண்டியின் வடிவம் இவ்விருவர் காலத்திலேயே நிறைவு பெற்றது எனலாம்.

தமிழில் இவ்வூர்திக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் சைக்கிள் என்பதே நிலைத்தது. எழுத்து வழக்கில் மிதிவண்டி என்பது ஓங்கியது. ஈழத்துத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்றும் ஈருருளி என்றும் வழங்கினர். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் செல்லுதல் தடைப்பட்டபொழுது, அந்நகரின் போக்குவரவு பெரிதும் அத்துவிச்சக்கர வண்டிகளையே சார்ந்து நின்றது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. துவிச்சக்கரம், ஈருருளி என்பன வண்டியின் உறுப்பால் வந்த பெயர்கள். மிதிவண்டி என்பதோ செலுத்துவோரின் செயலால் வந்த பெயர். மிதிப்பவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல் மறக்கவிடுவதில்லை.

வண்டி என்னும் சொல்லின் பொருள் மாற்றமும் கருதற்பாலது. மாட்டு வண்டியே மிக்கிருந்த காலத்தில், அடையின்றி வண்டி எனின் அது மாட்டு வண்டியையே குறித்தது. இன்றோ திருப்பூர் வீதியில் ஒருவர், "வண்டியை எங்கே நிறுத்தினாய்?" என வினவின், அவர் கருதுவது மோட்டார் ஊர்தியையே. 'இரு சக்கர வாகனம் நிறுத்துமிடம்' என்னும் பலகையைக் காணும் எவரும் அது மிதிவண்டிக்கு உரியது என எண்ணுவதில்லை. மிதிவண்டிக்கும் சக்கரம் இரண்டே. எனினும் அப்பெயரின் வட்டத்தினின்றும் அது விலக்கப்பட்டது. வீதியில் எது மிகுதியோ அதுவே சொல்லையும் தனதாக்கிக் கொள்கின்றது என்பது இதனால் பெறப்படும். சொல்லில் இடம் இழந்தது வீதியிலும் இடம் இழந்ததோ என்பதை அடுத்து நோக்குவோம்.

3. திருப்பூரின் அமைப்பு

சென்னையினின்றும் போத்தனூர் நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1862இல் திருப்பூரை அடைந்தது. பருத்திச் சந்தையும் பஞ்சரவை ஆலைகளும் அதனை ஒட்டி வளர்ந்தன. 1917இல் அவ்வூர் நகராட்சியாயிற்று. 1932 சனவரியில் குமரன் கொடியேந்தி நடந்து அடியுண்டு உயிர் நீத்த ஊர்வலமும் இவ்வூர் வீதியிலேயே நிகழ்ந்தது. 1937இல் குலாம் காதர் உடன்பிறந்தார் நிறுவிய பேபி நிட்டிங் என்னும் தொழிலகத்தைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர்.

இத்தொழில் ஒரே கூரையின் கீழ் நிகழும் பேராலைத் தொழிலாக வளரவில்லை என்பது இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும். நூலைத் துணியாகப் பின்னுவோர் ஓரிடத்தார். அதனை வெளுப்போரும் சாயமிடுவோரும் ஆற்றோரத்தார். வெட்டுவோர், 'ஓவர்லாக்' தைப்போர், 'காஜா பட்டன்' இடுவோர், 'கைமடி' மடிப்போர், தேய்ப்போர் எனப் பலரும் பல பட்டறைகளில் இருந்தனர். ஓர் உள்ளாடை முற்றுப்பெறுமுன் பல வாயில்களைக் கடந்தது. உடலுழைப்பாளராய்ப் பட்டறை புகுந்த வேளாண் மரபினர் பலர் பின்னர் முதலாளிகளாக உயர்ந்த வரலாற்றைச் சரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வாறு பிரிந்து கிடந்த பட்டறைகளைப் பிணைத்தது எது? துணிச்சுருளையும் வெட்டிய துண்டுகளின் மூட்டையையும் ஒரு பட்டறையினின்றும் மற்றொன்றுக்குக் கொண்டு சென்றது எது? மாட்டு வண்டியும் கைவண்டியும் பேரளவு சுமைக்கு உதவின. சிறிய சுமைக்கும் விரைந்த செலவுக்கும் உதவியது மிதிவண்டியே. பின்னிருக்கையில் மூட்டையைக் கட்டிச் சென்று தொழில் தொடங்கியோர் பலர் என்பது அவ்வூர் முதியோர் வாயிலாக இன்றும் வழங்கும் செய்தி. குறுந்தொலைவு, சிறு சுமை, அடிக்கடிச் செலவு என்னும் மூன்றும் அமைந்த தொழில்முறை மிதிவண்டிக்கு ஏற்றதாயிருந்தமை வியப்பன்று. திருப்பூரின் தொழிலமைப்பும் மிதிவண்டியும் ஒன்றற்கொன்று துணையாய் நின்றன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

4. வரியும் வில்லையும்

விடுதலைக்கு முன்னர் மிதிவண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்தினின்றும் வந்தன. அவற்றின் விலை தொழிலாளர்க்கு எட்டாததாய் இருந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து நிறுவனத்துடன் கூடி நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை ஆக்கியது. 1956இல் லூதியானாவில் ஹீரோ நிறுவனம் தோன்றியது. உள்நாட்டு ஆக்கத்தால் வண்டி மக்கள் கைக்கு வந்தது. வாங்க இயலாதார்க்கு வாடகைச் சைக்கிள் கடைகள் உதவின. மணிக்கணக்கில் வண்டி எடுத்துச் சென்று திருப்பிக் கொடுக்கும் அக்கடைகள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பரவியிருந்தன.

அக்காலத்தில் உள்ளாட்சி மன்றங்கள் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி பெற்றன. வரி செலுத்தியமைக்கு அடையாளமாக ஒரு வில்லை வண்டியில் பொருத்தப்பட்டது. விளக்கின்றி இரவில் செல்லுதலும், இருவர் ஏறிச் செல்லுதலும் தண்டத்துக்கு உரியனவாயின. இவையெல்லாம் எளியோர்க்குச் சுமையே என்பதில் ஐயமில்லை. ஆயின் இதனுள் கருதத்தக்க மற்றொரு கூறும் உண்டு. வரி பெற்ற நகராட்சி, தன் எல்லையுள் எத்துணை மிதிவண்டிகள் உள்ளன என்பதை அறிந்திருந்தது. வில்லை பெற்ற வண்டி, அரசின் ஏட்டில் இடம்பெற்ற வண்டியாயிற்று.

பின்னர் வரி நீங்கியது. அதனுடன் கணக்கும் நீங்கியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படிப் பதிவு பெறும் ஊர்திகளின் எண்ணிக்கையே இன்று நகரின் போக்குவரவைக் காட்டும் ஏடாக விளங்குகின்றது. பதிவு வேண்டாத மிதிவண்டிக்கு அவ்வேட்டில் இடமில்லை. சாலையை அகலப்படுத்துவோர் நோக்குவது பதிவேட்டையே. ஏட்டில் இல்லாதது திட்டத்திலும் இல்லாமற் போதல் இயல்பன்றோ? வரிச்சுமை நீங்கியது நன்றே. ஆயின் கணக்கெடுத்தல் ஒழிந்ததால் விளைந்த இழப்பும் சிறிதன்று.

கணக்கெடுத்தவிடத்து உண்மை புலப்படுகின்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களுள் 44.8 விழுக்காட்டினர் மிதிவண்டி உடையர். மோட்டார் பொருத்திய இருசக்கர ஊர்தி உடையார் 21 விழுக்காட்டினரே. வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற பணிகளுக்குச் செல்வோருள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் நடந்தும், 13 விழுக்காட்டினர் மிதிவண்டியிலும் சென்றனர். உழைப்போருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தம் காலையே நம்பியிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

5. நகரம் விரிந்தமையும் வழி குறுகியமையும்

1978இல் இத்தாலிய வணிகர் ஒருவரின் வாயிலாக ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கிற்று என்பர். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2021–22ஆம் நிதியாண்டில் ஏற்றுமதியின் மதிப்பு 30,000 கோடி ரூபாயைக் கடந்தது. தொழில் பெருக மக்களும் பெருகினர். 1961இல் ஏறத்தாழ 80,000 மக்கள் வாழ்ந்த நகராட்சியில் 2001இல் ஏறத்தாழ 3,45,000 மக்கள் வாழ்ந்தனர். 2008இல் திருப்பூர் மாநகராட்சியாயிற்று. 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் பல ஊராட்சிகளும் அதனுடன் இணைந்தன. ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டராய் இருந்த நகரெல்லை 159 சதுர கிலோமீட்டராய் விரிந்தது. விரிந்த எல்லையுள் வாழ்ந்தோர் 8,77,000 பேருக்கு மேற்பட்டோர்.

இவ்விரிவு மிதிவண்டிக்கு இருவகையில் ஊறு விளைத்தது. முதலாவது, தொழிலகங்கள் அவினாசி, பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம், காங்கயம், தாராபுரம் சாலைகளின் வழியே நகருக்கு வெளியே நீண்டன. அதனால் வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட தொலைவு பலர்க்குக் கூடியது. 1980இல் ஒசூரில் ஆக்கப்பெற்ற டி.வி.எஸ். 50 போன்ற சிறு மோட்டார் வண்டிகள் அத்தொலைவைக் குறைக்க வந்தன. துணிமூட்டையும் மிதிவண்டியின் பின்னிருக்கையினின்றும் அவற்றின் மேல் ஏறியது. தொலைவிலுள்ள சிற்றூர்களினின்றும் தொழிலாளரை அழைத்துவரக் கம்பெனி வண்டிகள் ஓடலாயின.

இரண்டாவது ஊறு நிலத்தின் அமைப்பால் வந்தது. திருப்பூரை இருப்புப்பாதை கிழமேலாக ஊடறுக்கின்றது. நொய்யலும் கிழமேலாகவே ஓடுகின்றது. வடபாலினின்றும் தென்பால் செல்வோர் யாவரும் ஒருசில பாலங்களையும் சுரங்க வழிகளையுமே நாடவேண்டியுள்ளது. பேருந்தும் சுமையுந்தும் மோட்டார் வண்டியும் மிதிவண்டியும் ஒருங்கே நெருங்கும் அவ்விடங்களே நகரின் குரல்வளை எனலாம். தெருக்களில் அச்சமின்றிச் செல்லும் ஒருவரும் பாலத்தருகே வந்தவுடன் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லுதலைக் காண்கிறோம். வழி ஓரிடத்தில் அறுந்ததாயின் முழுதும் அறுந்ததே ஆகும்.

இவ்விழப்பு எவரை மிகுதியும் தாக்குகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். பின்னலாடைத் தொழிலாளருள் பெண்டிர் பெருந்தொகையினர். எட்டு மணி நேர வேலையை ஒரு 'ஷிப்ட்' என்றும், பன்னிரண்டு மணி நேர வேலையை 'ஒன்றரை ஷிப்ட்' என்றும் கணக்கிடுதல் அவ்வூர் வழக்கு. ஒன்றரை ஷிப்ட் முடித்த பெண்ணொருத்தி வெளிவரும்பொழுது இருள் சூழ்ந்துவிடும். அவள் வீடு மூன்று கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். நடந்து செல்லின் முக்கால் மணி நேரம். மிதிவண்டியில் கால் மணி நேரம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். பள்ளியில் பெற்ற வண்டி வீட்டிலும் இருத்தல் கூடும். இருந்தும் அவள் அதனை எடுப்பதில்லை எனின், குறை வண்டியிலும் இல்லை, அவளிடத்தும் இல்லை, வழியிலேயே உள்ளது.

6. புதுக்கோட்டை காட்டிய துணிவு

வண்டி ஓட்டத் தெரியும் எனக் கூறினோம். தமிழகத்துச் சிற்றூர்ப் பெண்ணைப் பற்றி இங்ஙனம் கூறுதல் 1990க்கு முன் எளிதன்று. மிதிவண்டி வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் அது பெரும்பாலும் ஆடவர்க்குரியதாகவே கருதப்பட்டது. அந்நிலையை மாற்றிய நிகழ்ச்சிகளுள் தலையாயது புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது.

1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராய் இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவுடன் மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பெண்டிர் பிறரை எதிர்நோக்காது செல்லும் ஆற்றல் பெற்றாலன்றி எழுத்தறிவும் நிலைக்காது என்பது அவ்வியக்கத்தார் கருத்து. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். வண்டி வாங்கக் கடனுதவிக்கும் வகை செய்யப்பட்டது. பெண்டிர்க்குரிய வண்டிகள் கடைகளில் கிட்டாதபொழுது ஆடவர் வண்டிகளையே வாங்கி ஓட்டினர். இதனை நேரிற் கண்டெழுதிய இதழாளர் பி. சாய்நாத், 70,000க்கு மேற்பட்ட பெண்டிர் பொது நிகழ்ச்சிகளில் தம் திறனைக் காட்டினர் எனக் கூறுவர். அவர்தம் கட்டுரை 1996இல் வெளிவந்த நூலில் இடம்பெற்று, பின்னர்ப் பள்ளிப் பாடமாகவும் அமைந்தது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தொடக்கத்தில் வீதியில் ஏளனம் எழுந்தது. பலர் ஒருங்கே வெளிவந்தமையால் அஃது அடங்கியது. தனியொருத்திக்கு அச்சம் தருவது, ஆயிரவர்க்கு இயல்பாகிவிடுகின்றது. துணிவு என்பது தனிமனிதப் பண்பு மட்டுமன்று. கூட்டத்தால் விளைவதும் ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டை சான்று. ஆயின் அங்குப் பெண்டிர் சென்றவை பெரும்பாலும் நெரிசல் குறைந்த சிற்றூர்ச் சாலைகள் என்பதையும் மறத்தலாகாது. வழி என்னும் மூன்றாவது அங்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

7. அரசு வழங்கிய வண்டி

அடுத்த பத்தாண்டில் தமிழக அரசு வண்டியையே வழங்கத் தொடங்கியது. 2001–02ஆம் கல்வியாண்டில் ஆதி திராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய திட்டம், பின்னர்ப் படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் இருபால் மாணவர்க்கும் உரியதாயிற்று. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், அத்திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் தொகை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிற்று என நிறுவினர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்தது என்பதும் அவர்தம் முடிபு.

எனவே, வண்டி வழங்குதல் வீண் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் பள்ளி முடித்த மாணவி பின்னலாடைத் தொழிலகத்துள் நுழைந்தவுடன் அவ்வண்டி வீட்டுத் திண்ணையில் நின்றுவிடுகின்றது. பள்ளிச் சாலையில் ஓடியது தொழிற்சாலைச் சாலையில் ஓடாமை ஏன்? வண்டியும் அதுவே, ஓட்டுபவளும் அவளே. மாறியது வழி ஒன்றே. இவ்வொப்பீடு நம் கருத்தை வலியுறுத்துகின்றது.

8. நெதர்லாந்து கற்ற பாடம்

வழியமைத்தலில் பிற நாட்டார் பெற்ற பட்டறிவை ஈண்டு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். நெதர்லாந்து மிதிவண்டி நாடாக இன்று புகழ்பெற்றுள்ளது. அந்நாட்டார் இயல்பாகவே அவ்வாறு இருந்தனர் எனப் பலர் எண்ணுவர். அது பொருந்தாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கும் மோட்டார் ஊர்திகள் பெருகின. மிதிவண்டிச் செலவு வீழ்ந்தது. 1971இல் மட்டும் சாலை நேர்ச்சிகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவருள் சிறுவர் 400க்கு மேற்பட்டோர். குழந்தைகளின் சாவை நிறுத்துக என்னும் முழக்கத்துடன் பெற்றோர் எழுப்பிய கிளர்ச்சியும், 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் அரசின் போக்கை மாற்றின.

1970களின் இடைப்பகுதியில் அந்நாட்டரசு இரு நகரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சிறந்த மிதிவண்டித் தடம் ஒன்றை அமைத்துப் பார்த்தது. அவற்றுள் ஒன்று திஹேக், மற்றொன்று டில்பர்க். டில்பர்க் கம்பளி நெசவால் வளர்ந்த நகரம் என்பது திருப்பூரை ஆராய்வார்க்குச் சுவை பயக்கும் செய்தி. அத்தடத்தில் சென்றோர் அதனை விரும்பினர். எனினும் நகரில் மிதிவண்டிச் செலவு எதிர்பார்த்த அளவு கூடவில்லை. ஒற்றைத் தடம், அதனருகே வாழ்வோர்க்கும் அதன் முடிவில் பணிபுரிவோர்க்குமே உதவிற்று. இப்பாடத்தை உணர்ந்து, 1980களில் டெல்ஃப்ட் நகரில் நகர் முழுமைக்கும் ஒரு வலையே அமைக்கப்பட்டது. நகரளவில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒரு தடமும், பகுதியளவில் அதனினும் நெருங்கிய தடங்களும், தெருவளவில் மிக நெருங்கிய தடங்களும் வகுக்கப்பட்டன. புதியன பல அமைப்பதினும், அறுந்த இடங்களைப் பாலத்தாலும் சுரங்க வழியாலும் இணைத்தலே அவ்வேலையின் உயிராயிற்று.

பின்னலாடைத் தொழிலை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒற்றை நூல் துணியாகாது. ஒரு கண்ணி விட்டுப் போயின் பின்னிய துணி முழுதும் பிரியும்.

9. இந்திய நகரங்களின் முயற்சி

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரவுக் கொள்கை, ஊர்திகளின் செலவினும் மக்களின் செலவே முதன்மை பெறுதல் வேண்டும் எனக் கூறிற்று. 2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் சாராப் போக்குவரவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை ஏற்றது. தன் போக்குவரவுச் செலவில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் நடப்போர்க்கும் மிதிவண்டியர்க்கும் ஒதுக்கப்படும் என அது வகுத்தது. 2017இல் திருப்பூர் சீர்மிகு நகரத் திட்டத்துள் சேர்க்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றின்பொழுது நடுவண் அரசு மிதிவண்டிக்கான அறைகூவல் ஒன்றை நகரங்களுக்கு விடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் முன்வந்தன. 2021இல் பாராட்டப் பெற்ற பதினொரு நகரங்களுள் சூரத்தும் ஒன்று. அதுவும் துணித்தொழில் நகரமே.

கொள்கைகள் இவ்வாறு நிறைந்துள்ளன. எனினும் 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேருள் ஏறத்தாழ 4,800 பேர் மிதிவண்டியில் சென்றோர். நடந்து சென்று மாண்டோர் தொகை அதனினும் பன்மடங்கு. ஏட்டில் எழுதிய கொள்கை வீதியில் இறங்குதற்கு இன்னும் நெடுந்தொலைவு உண்டு என்பதை இவ்வெண்கள் அறிவுறுத்துகின்றன.

10. தடையும் விடையும்

ஈண்டுச் சிலர் தடை கூறுவர். மிதிவண்டி வறுமையின் அடையாளம். மோட்டார் வண்டி வாங்குதல் முன்னேற்றமன்றோ என்பது முதல் தடை. முன்னேற்றமே, அதனை மறுப்பாரில்லை. ஒருத்தி தன் உழைப்பால் மோட்டார் வண்டி வாங்கியமை கண்டு வருந்துவார் யார்? ஆயின் அதனை வாங்க இயலாதாரும், வாங்க விரும்பாதாரும், ஓட்டும் வயதெய்தாத சிறாரும் வீதியில் அச்சமின்றிச் செல்லும் உரிமை உடையர். வழி என்பது விலை கொடுத்து ஊர்தி வாங்கினார்க்கு மட்டும் உரிய பொருளன்று.

2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஆதலின் மிதிவண்டி வேண்டா என்பது இரண்டாம் தடை. அத்திட்டத்தால் பெண்டிர் பெற்ற பயன் பெரிது. எனினும் பேருந்து பெருஞ்சாலையில் ஓடுவது. பட்டறைகளோ சந்துகளில் உள்ளன. பேருந்தையும் வீட்டையும் இணைக்கும் இடைவெளியைக் காலும் மிதிவண்டியுமே நிரப்புகின்றன. எனவே இவை ஒன்றற்கொன்று பகையல்ல, துணையே. நெடுந்தொலைவினின்றும் வருவார்க்குப் பேருந்தே தக்கது என்பதும் உடன்பாடே.

வெப்பம் மிக்க நாட்டில் மிதிவண்டி ஒவ்வாது என்பது மூன்றாம் தடை. இவ்வெப்பத்தில்தான் ஒரு நூற்றாண்டளவு இந்நகரத்தார் மிதித்தனர். வெயில் புதிதன்று, நிழலின்மையே புதிது. சாலையை அகலப்படுத்தும்பொழுது வெட்டிய மரங்களை மீண்டும் நடுதல் அத்தடைக்கு விடையாகும்.

11. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். திருப்பூரின் தொழிலமைப்பு தொடக்கத்தில் மிதிவண்டிக்கு இயைந்தது. உள்நாட்டு ஆக்கமும் வாடகைக் கடைகளும், பிற்காலத்தே அரசின் கொடையும் வண்டியை ஈந்தன. புதுக்கோட்டைப் பெண்டிர் துணிவை ஈந்தனர். நகரம் விரிந்தபொழுது வழி மட்டும் பேணப்படவில்லை. வழியைப் பேணுதல் என்பது பெருஞ்சாலை ஒன்றில் வண்ணம் தீட்டிய ஒற்றைத் தடம் அமைத்தலன்று. இருப்புப்பாதையையும் நொய்யலையும் கடக்கும் இடங்களில் மிதிவண்டிக்கெனத் தனியிடம் வகுத்தல், பட்டறைகள் செறிந்த தெருக்களில் ஊர்திகளின் விரைவைக் குறைத்தல், இரவுப் பணி முடித்துச் செல்லும் வழிகளில் விளக்கேற்றுதல் என்பனவே முதற்கண் செய்யத்தக்கன. இவற்றுக்கெல்லாம் முன்னர், வில்லையும் வரியும் இன்றியே மிதிவண்டியர் எத்துணையர், எவ்வழியே செல்கின்றனர் எனக் கணக்கெடுத்தல் வேண்டும்.

தமிழாய்வு மாணவர்க்கும் இதன்கண் பணி உண்டு. பழைய நகராட்சி ஏடுகளில் மிதிவண்டி வரி பற்றிய செய்திகளைத் தேடித் தொகுத்தலும், வாடகைச் சைக்கிள் கடை நடத்தியோரும் துணிமூட்டை சுமந்தோரும் கூறும் செய்திகளை அவர் வாழுங்காலத்தே பதிவு செய்தலும், அவர்தம் தொழிற்சொற்களைத் திரட்டுதலும் உடனடியாக மேற்கொள்ளத் தக்கன. பெருவழிக்குக் கல்வெட்டு உண்டு. இவ்வெளியோர் சென்ற வழிக்கு அவர்தம் நினைவே கல்வெட்டு. அதனைப் படியெடுக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.